நம் ஊர்க் காற்று எப்படி? கம்ப்யூட்டரில் நாமே பார்க்கலாம்!

2024 நவம்பர் 18. டில்லியின் காற்றுத் தரக் குறியீடு 494 என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. அதே நாளில் ஸ்விட்சர்லாந்து நிறுவனமான ஐக்யூஏர் தளத்தைத் திறந்தவர்கள், நகரின் சில இடங்களில் ஆயிரத்தைத் தாண்டிய எண்ணைப் பார்த்தார்கள். ஊர் ஒன்று, நாள் ஒன்று, காற்றும் ஒன்று. எண் மட்டும் ஏன் இரண்டு? யாராவது ஒருவர் பொய் சொல்கிறார்களா?

இல்லை. இரண்டுமே சரிதான். அது எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் போதும். இந்த மாதம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம் பொம்மிடி. சேலம் - ஜோலார்பேட்டை ரயிலில் போனவர்கள் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். வேலை டில்லியை ஒட்டிய நொய்டாவில். தீபாவளி நெருங்கினால் என் மூன்று வயது மகளுக்கு இருமல் தொடங்கிவிடும், பிப்ரவரியில்தான் நிற்கும். "பனிக் காலம் முடியும் வரை குழந்தையை ஊருக்கு அனுப்பிவிடு" என்று அம்மா போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். அனுப்பலாம்தான். ஆனால் ஊர்க் காற்று நல்ல காற்றுதானா என்று எதை வைத்துச் சொல்வது? சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவனுக்கு இப்படி ஒரு கேள்வி வந்தால் சும்மா இருக்க முடியுமா?

ஒரு எண்ணுக்குள் எட்டு எண்கள்

காற்றுத் தரக் குறியீட்டை ஏ.க்யூ.ஐ. என்பார்கள். நம் நாட்டுக்கான குறியீடு 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இதில் எட்டு மாசுகள் கணக்கில் உள்ளன. பிஎம் 10, பிஎம் 2.5 என்ற இரண்டு வகைத் துகள்கள், நைட்ரஜன் டை ஆக்ஸைடு, சல்பர் டை ஆக்ஸைடு, கார்பன் மோனாக்ஸைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். அவற்றைக் கூட்டுவதும் இல்லை, சராசரி எடுப்பதும் இல்லை. எது மிக மோசமோ, அதன் மதிப்பெண்தான் அன்றைய ஏ.க்யூ.ஐ. ஐந்து பாடங்களில் நூறு வாங்கி ஒன்றில் பெயிலானால் ரிசல்ட் பெயில் என்பது போல!

டில்லியின் குளிர்காலத்தில் இந்தப் பெயில் பாடம் பெரும்பாலும் பிஎம் 2.5. இரண்டரை மைக்ரான் அல்லது அதற்கும் குறைந்த குறுக்களவு உள்ள துகள். தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடி இதைத் தடுக்காது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். அதிலும் மிக நுண்ணியவை ரத்தத்திலேயே கலந்துவிடும். சாலைப் புழுதி கண்ணை உறுத்தும், தும்மல் வரும், நமக்குத் தெரிந்துவிடும். இது தெரியாமல் உள்ளே போகிறது.

இப்போது அந்த இரண்டு எண்களுக்கு வருவோம். மத்திய வாரியம் மாலை 4 மணிக்கு வெளியிடும் எண், அதற்கு முந்தைய 24 மணி நேரச் சராசரி. அதுவும் டில்லியில் உள்ள சுமார் 40 நிலையங்களை ஒன்று சேர்த்தது. அதோடு நம் அளவுகோல் 500-ல் முடிந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு மோசமானாலும் 500தான். ஐக்யூஏர் காட்டுவது அமெரிக்க அளவுகோல், அந்தந்த மணி நேரக் கணக்கு. அது 500-ல் நிற்பதும் இல்லை. ஒன்று நாள் முழுவதற்கும் போட்ட மார்க். இன்னொன்று அந்த நிமிடத்தில் எடுத்த போட்டோ.

500, 1000 என்ற பெரிய எண்களில் உள்ள வித்தியாசம் பேப்பரில் தலைப்பாகும். என்னைக் கேட்டால், கவனிக்க வேண்டிய வித்தியாசம் சின்ன எண்களில்தான் இருக்கிறது. ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 2.5 துகள் 50 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் அளவுகோலில் இதற்கு மதிப்பெண் 83. நிறம் பச்சை, 'திருப்திகரம்'. இதே 50-க்கு அமெரிக்க அளவுகோலில் 137. நிறம் ஆரஞ்சு. குழந்தைகள், முதியவர்கள், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது என்று அர்த்தம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன 24 மணி நேர வரம்பு வெறும் 15. நாம் 2009-ல் வைத்த வரம்பு 60. பச்சையைப் பார்த்துக் குழந்தையை விளையாட அனுப்பும் முன், எந்த ஊர்ப் பச்சை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகவே நண்பர்களே, ஏ.க்யூ.ஐ. எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அதன் கீழே சிறிய எழுத்தில் பிஎம் 2.5 எத்தனை மைக்ரோகிராம் என்று இருக்கும். எந்தத் தளத்தைத் திறந்தாலும் மைக்ரோகிராமுக்கு அளவுகோல் மாறாது.

கருவியே இல்லாத ஊருக்கு எண் எப்படி வந்தது?

போனில் ஒரு வானிலை ஆப் இருக்கிறது. பொம்மிடி என்று தேடினேன். டக்கென்று ஒரு எண் வந்தது. அம்மாவுக்குச் சொல்லியிருந்தால் "பார்த்தியா" என்றிருப்பார். ஆனால் பொம்மிடியில் அரசின் காற்றுக் கண்காணிப்பு நிலையம் எதுவும் கிடையாது. சேலத்தில் உண்டு, சோனா தொழில்நுட்பக் கல்லூரி வளாகத்தில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைத்தது. நடுவில் சேர்வராயன் மலை நிற்கிறது. அங்கே அளப்பது இங்கே எப்படிப் பொருந்தும்?

அந்த எண் அளந்து வந்தது அல்ல, கணக்குப் போட்டு வந்தது. செயற்கைக்கோள் படம், காற்றின் திசை, எங்கே எவ்வளவு புகை வருகிறது என்ற பட்டியல் ஆகியவற்றைப் பெரிய கம்ப்யூட்டர்களில் கொடுத்து, உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து மதிப்பிடுகிறார்கள். ஐரோப்பாவின் கோபர்நிகஸ் திட்டத்தில் உலக அளவிலான கணிப்புக்கு ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 40 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய சதுரத்துக்கு ஒரே எண்! மலை மேலே ஏற்காட்டுக்கும் கீழே பஸ் ஸ்டாண்டுக்கும் சேர்த்து. புழுதிப் புயலோ, பெரிய காட்டுத் தீயோ வந்தால் இந்தக் கணிப்பு மிகவும் உதவும். உங்கள் தெரு முனையில் குப்பை எரிவது அதற்குத் தெரியாது.

நிலையத்தில் நடப்பது வேறு. காற்றைக் குழாயில் உறிஞ்சி ஒரு வடிகட்டி நாடாவின் மேல் விடுவார்கள். நாடாவில் படியும் துகள், அதன் வழியே செல்லும் பீட்டா கதிரின் அளவைக் குறைக்கும். எவ்வளவு குறைந்தது என்பதில் இருந்து எடை தெரியும். லட்சங்களில் விலை, ஏசி அறை, ஆள் கவனிப்பு எல்லாம் வேண்டும். அதனால்தான் ஊருக்கு ஊர் வைக்க முடிவதில்லை.

எக்செல்லில் ஒரு கோடு போடுங்கள்

கூகுளில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத் தரத் தளத்தைத் தேடித் திறங்கள். (போனில் என்றால் 'சமீர்' என்ற அரசின் ஆப்.) வரைபடத்தில் புள்ளிகள் தெரியும். அதோடு நின்றுவிடாதீர்கள். பழைய தரவுகளை எடுக்கும் பக்கத்துக்குப் போய் மாநிலம், நகரம், நிலையம் மூன்றையும் தேர்ந்தெடுங்கள். அளவீடுகளில் பிஎம் 2.5, காற்றின் வேகம், காற்றின் திசை மூன்றுக்கும் டிக் செய்யுங்கள். கால இடைவெளி ஒரு மணி நேரம் என்று கொடுங்கள். நவம்பர் மாதம் முழுவதும் கேட்டுப் பாருங்கள். அட்டவணை வந்ததும் எக்செல் ஃபைலாக டவுன்லோட் செய்துகொள்ளலாம். காசு கிடையாது. எக்செல் இல்லையா? கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம், அதிலும் திறக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கருவி ஓடாத நேரங்களில் கட்டம் காலியாக இருக்கும், அல்லது எழுத்தில் ஏதாவது இருக்கும். பார்க்க அழகாக இல்லை என்று அதில் பூஜ்யம் போட்டுவிடாதீர்கள்! சராசரி தலைகீழாகிவிடும். காலியாகவே விடுங்கள், எக்செல் தானாக ஒதுக்கிவிடும்.

பிஎம் 2.5 உள்ள பத்தியைத் தேர்ந்தெடுத்து இன்சர்ட் மெனுவில் லைன் சார்ட் கிளிக் செய்யுங்கள். நொய்டா செக்டார் 62 நிலையத்துக்கு இப்படிப் போட்டுப் பார்த்தால், குளிர்காலத்தில் ஒட்டகத்தின் முதுகு மாதிரி ஏறி இறங்கும் கோடு வரும். இரவில் ஏறும், காலை எட்டு ஒன்பது மணி வரை உச்சியில் நிற்கும், பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு இறங்கும், சூரியன் மறைந்ததும் மறுபடி ஏறும். விடியற்காலை வாக்கிங் போவதுதான் உடம்புக்கு நல்லது என்று நம்பும் பெரியவர்களுக்கு இந்தக் கோட்டைக் காட்ட வேண்டும். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மகளை விளையாட விடும் நேரத்தை இதைப் பார்த்துத்தான் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றினோம்.

ஏன் இந்த ஏற்ற இறக்கம்? இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகத் தரையோரக் காற்று சூடாகி மேலே போகும், புகையையும் தூக்கிக்கொண்டு போகும். குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, கீழே குளிர்ந்த காற்று, மேலே வெதுவெதுப்பான காற்று என்று ஆகிவிடும். மேலே உள்ளது மூடி போல உட்கார்ந்துவிடும். கீழே எரிவதெல்லாம் பானைக்குள்ளேயே. வெயில் ஏறினால்தான் மூடி திறக்கும். கடல் கிடையாது, வடக்கே இமயமலை, குளிர்காலத்தில் காற்று அசைவதும் குறைவு. டில்லியின் பானைக்கு மூடி பலமானது.

குற்றவாளி யார்?

டில்லியில் நவம்பர் வந்தால் டீக்கடை வரை இதே பேச்சு. பஞ்சாப் விவசாயி வைக்கோல் எரிக்கிறான் என்பார்கள். அது உண்மையா? பாதி உண்மை.

நாசாவின் ஃபர்ம்ஸ் என்ற இலவசத் தளத்தைத் திறந்தால், செயற்கைக்கோள் கண்ட தீ ஒவ்வொன்றும் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். அக்டோபர் கடைசி வாரத்தில் பஞ்சாப், ஹரியானா மேல் சிவப்புப் புள்ளிகள் அம்மை போட்டது போல இருக்கும். டவுன்லோட் செய்த ஃபைலில் காற்றின் திசை வடமேற்காக இருக்கும் நாட்களில் கோடு எகிறுவதையும் நீங்களே காணலாம். சில நவம்பர் நாட்களில் டில்லியின் பிஎம் 2.5-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த வயல் புகைதான். ஒரு விஷயம்: இந்தப் புள்ளிகளைத் தரும் முக்கியமான செயற்கைக்கோள்கள் பகலில் கடந்து போவது பெரும்பாலும் பிற்பகல் 1.30-ஐ ஒட்டி. மாலையில் வைத்த தீயைப் பகல் கணக்கில் தேட முடியாது. புள்ளி குறைந்தது என்றால் தீ குறைந்தது என்று உடனே சொல்லிவிட முடியாது.

விவசாயி ஏன் எரிக்கிறார்? நிலத்தடி நீர் வற்றுகிறது என்று 2009-ல் பஞ்சாபில் ஒரு சட்டம் வந்தது. கோடையின் உச்சத்தில் நாற்று நடக் கூடாது, ஜூனில் அரசு சொல்லும் தேதிக்குப் பிறகுதான் நட வேண்டும். தண்ணீர் மிச்சமாக வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். கோதுமையை நவம்பர் நடுவுக்குள் விதைத்தாக வேண்டும். இடையில் கிடைப்பது இரண்டு மூன்று வாரம். அறுவடை இயந்திரம் கதிரை எடுத்துக்கொண்டு தாளை வயலிலேயே நிற்க விட்டுவிடும். ஆள் கூலி கொடுத்து அகற்றக் கட்டுப்படியாகாது. தீப்பெட்டி விலை எல்லாருக்கும் தெரியும். நான் அவரை மட்டும் திட்டத் தயாராக இல்லை.

இன்னொரு பாதிக்கு வருவோம். டெரி நிறுவனமும் புனேயில் உள்ள வாகன ஆராய்ச்சி நிறுவனமான அராயும் சேர்ந்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டன. டில்லியின் குளிர்கால பிஎம் 2.5-ல் தொழிற்சாலைகளின் பங்கு 30 சதவீதம், வாகனங்கள் 28, புழுதி 17. வயல் எரிப்பு, சீசன் முழுவதும் சராசரி பார்த்தால், 4 சதவீதம்தான். அதைவிட வீடுகளில் விறகு, சாணம் எரிப்பது அதிகம், 10 சதவீதம். மொத்தத்தில் டில்லிக்குள்ளேயே உண்டாவது 36 சதவீதம். மிச்சம் சுற்று வட்டாரத்தில் இருந்தும் அதற்கு அப்பால் இருந்தும் வருவது. வயல் தீ மூன்று வாரத்தில் அணைந்துவிடும். டிசம்பரும் ஜனவரியும் ஏன் அப்படியே இருக்கின்றன என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. டில்லியின் ஆண்டுச் சராசரி பிஎம் 2.5 நூறை ஒட்டி நிற்கிறது. நம் நாட்டு வரம்பு 40, உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5.

நம் சென்னை? கடல் காற்று இருப்பதால் பிழைத்தது. ஆனாலும் 2018 ஜனவரி 13 போகி காலையில் புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பியதை மறந்திருக்க மாட்டீர்கள். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு எரிந்தபோது தென்சென்னை மூச்சுத் திணறியது. மணலி, ஆலந்தூர், வேளச்சேரி நிலையங்களின் தரவை ஒரே சார்ட்டில் போட்டால் ஒரே ஊருக்குள் எத்தனை ஊர் என்று தெரியும். பல வருடம் பலர் நம்பிப் பார்த்த அமெரிக்கத் தூதரகக் கருவிகளின் நேரடித் தரவு, சென்னை உட்பட, 2025 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய கட்டுரைகளில் அந்த முகவரியைப் பார்த்துத் தேடினால் கிடைக்காது.

பொம்மிடியில் அளந்தபோது

நிலையம் இல்லாத ஊருக்கு என்ன வழி? சில ஆயிரம் ரூபாயில் லேசர் துகள் சென்சார் கிடைக்கிறது. சிறிய மின்விசிறி காற்றை உள்ளே இழுக்கும், லேசர் ஒளி துகள் மேல் பட்டுச் சிதறும், சிதறலை வைத்து எண்ணிக்கை. யு.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டரில் இணைத்தால் நிமிடத்துக்கு ஒரு வரி டெக்ஸ்ட் ஃபைலில் எழுதும். அரசுக் கருவி அளவுக்குத் துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது. முக்கியமாக மார்கழிப் பனி நேரத்தில் ஈரம் குடித்துப் பருத்த துகளையும் அழுக்கு என்று கூட்டிச் சொல்லும். எண்ணை விட்டுவிட்டு, எப்போது ஏறுகிறது எப்போது இறங்குகிறது என்று பார்க்க இது போதும்.

போன டிசம்பரில் இதை ஊருக்கு எடுத்துப் போய்ப் பத்து நாள் ஓட விட்டேன். முதலில் மொட்டை மாடி. பிற்பகலில் நொய்டாவில் நான் பார்க்கவே பார்க்காத சின்ன எண்கள். சேர்வராயன் மலை மரம் மரமாகத் தெரியும் காற்று அது. விடிகாலையில் கோடு ஏறியது. நம் ஊருக்கும் பானை மூடி உண்டு, கனம் குறைவு. கரும்புச் சோகை எரித்த ஒரு சாயங்காலம் திடீரென்று ஊசி போல ஏறி, ஒரு மணி நேரத்தில் இறங்கியது. அதோடு பிளாஸ்டிக் குப்பை எரியும் அதிகாலைகள். இதுவரை பரவாயில்லை.

பிறகு சென்சாரை வீட்டுக்குள் கொண்டு வந்தேன். அடுப்படியை ஒட்டிய அறை, பேத்தி படுக்கப் போகும் அறை. வீட்டில் கேஸ் இருக்கிறது, சமையல் அதில்தான். வெந்நீருக்கு மட்டும் அம்மா இன்னும் விறகு அடுப்புதான் வைக்கிறார். தென்னை மட்டை சும்மாதானே கிடக்கிறது. காலை ஐந்தரைக்கு அடுப்பு பற்றியதும் லேப்டாப் திரையில் எண்கள் ஓடின. நொய்டாவின் மோசமான நவம்பர் காலையை அந்த அறை முக்கால் மணி நேரத்துக்குத் தாண்டி நின்றது. சார்ட் போட்டு அம்மாவிடம் காட்டினேன்.

"இந்தப் பொகையிலதான்டா உங்க ரெண்டு பேரையும் வளர்த்தேன்" என்றார்.

"அதான்மா நீங்க இருபது வருஷமா இருமுறீங்க."

அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் அப்பா அடுப்பைக் கொல்லைப் பக்கம், கிணற்றடிக்கு மாற்றினார். சென்சார் அதே இடத்தில்தான் இருந்தது. மூன்று நாள் கோடு கிட்டத்தட்டத் தட்டையாக ஓடியது. நான்காம் நாள் காற்று வீட்டுப் பக்கம் திரும்பியதும் ஒரு சின்ன மேடு. ஜன்னலைச் சாத்தியதும் அடங்கியது. மழைக் காலத்துக்கு ஒரு மின்சார ஹீட்டர் வாங்கி வைத்திருக்கிறோம். கரண்ட் பில் ஏறும் என்று அம்மா இன்னும் முறைக்கிறார். இந்த வருடம் அக்டோபர் கடைசியில் மகள் பாட்டி வீட்டுக்குப் போகிறாள், பொங்கல் முடித்துத்தான் திரும்புவாள். நானும் மனைவியும் லீவுக் கணக்கைப் பார்த்து முறை வைத்துப் போய் வர வேண்டியதுதான்.

சென்சார் வாங்குபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அதை உங்கள் கம்ப்யூட்டர் கேபினட்டின் பின்பக்கம் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் மின்விசிறி அறைக் காற்றை நாள் முழுக்க இழுத்து, தூசியோடு சூடாக வெளியே தள்ளும், கணக்கு கெடும். மாசு அதிகமுள்ள ஊரில் இருந்தால் அந்தக் கேபினட்டையும் மாதம் ஒரு முறை, பவர் கார்டைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பாருங்கள். விசிறியின் இறக்கையில் கருப்பாக ஒட்டியிருப்பதை மென்மையான பிரஷ்ஷால் துடைக்கலாம். துடைக்கும்போது மூக்கில் என்95 மாஸ்க் இருக்கட்டும்.